இயேசுவை நோக்கிய மன்றாட்டு

இயேசு கிறிஸ்து பிதாவுக்கு இணையான, முழுமையான கடவுள் என்ற நம்பிக்கையோடு அவரை நேரடியாக விளித்து வேண்டுவதும் ஆராதிப்பதும் கிறிஸ்தவ வழிபாட்டின் மையக் கூறு. சபைச் சங்கங்கள் முதலில் கோட்பாட்டை வகுத்தன, மக்கள் பிறகு வணங்கினார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு காட்டும் வரிசை வேறு. மக்கள் ஏற்கெனவே வணங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வணக்கம் முறையானதா என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் கோட்பாடு உருவானது.

கடவுள் ஒருவரே என்று நாள்தோறும் அறிக்கையிட்ட யூதர்களிடையே இந்த வழக்கம் தோன்றியதுதான் பெரும் வியப்பு. கொரிந்து சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் எழுதிய முதல் கடிதம் கிரேக்க மொழியில் அமைந்தது. அதன் முடிவில் ‘மாரனாத்தா’ என்ற அரமேய வேண்டுதல் அப்படியே நிற்கிறது. ஆண்டவரை வரச்சொல்லி அழைக்கும் இந்த வேண்டுதல், கிரேக்கம் மட்டும் அறிந்தவர்களுக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. ஆகவே இயேசு வழிபாடு பிற்காலத்தில் கிரேக்கச் சூழலிலிருந்து ஒட்டிக்கொண்டது என்ற வாதம் நிற்காது. அதன் வேர் பாலஸ்தீனத்தில், அரமேயம் பேசிய முதல் அடியார்களிடம் இருக்கிறது.

வெளியார் சாட்சியும் உண்டு. ஏறத்தாழ 112இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கடவுளுக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுவதாகத் தெரிவிக்கிறார். கிறிஸ்தவர் அல்லர் என்று மறுத்தவர்களைப் பேரரசர் சிலைக்குத் தூபமும் திராட்சை இரசமும் படைக்கச் சொன்னார். கிறிஸ்துவைச் சபிக்கவும் சொன்னார். உண்மையான அடியாரிடம் இவற்றை வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

2005இல் இஸ்ரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் தோண்டியபோது, ஏறத்தாழ 230ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தொழுகைக் கூடத்தின் வண்ணக் கல் தளம் வெளிப்பட்டது. அக்கெப்தூஸ் என்ற பெண், தெய்வமாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக மேசையைக் கொடுத்ததாக அதில் கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. இயேசுவின் தெய்வத்தன்மையை அறிக்கையிட்ட நிசேயா சபைச் சங்கம் கூடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், ஓர் எளிய நன்கொடைக் கல்வெட்டில் எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்த சொற்கள் இவை.

அறிஞர்களிடம் தயக்கம் இருந்தது. மன்றாட்டு, அதன் முழுப் பொருளில், சுதனாகிய இயேசுவின் வழியாகப் பிதாவுக்கே உரியது என்று ஒரிஜன் மன்றாட்டைப் பற்றிய தம் நூலில் எழுதினார். அவரே தம் மறையுரைகளில் இயேசுவை விளித்து வேண்டவும் செய்தார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆரியு, சுதன் படைக்கப்பட்டவர் என்று போதித்தபோது இந்தத் தயக்கம் பிளவாக வெடித்தது. 325இல் நிசேயா சங்கம், சுதன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அதைக் காத்து நின்ற அத்தனாசியுவின் வாதம் வழிபாட்டிலிருந்தே புறப்பட்டது: சுதன் படைப்பு என்றால் அவரை வணங்கும் சபை முழுவதும் படைப்பை வணங்கும் குற்றத்தில் விழும்.

சண்டை துதியின் சொற்களுக்குள்ளும் புகுந்தது. ‘சுதன் வழியாகப் பிதாவுக்கு மகிமை’ என்று ஒரு தரப்பும், ‘சுதனோடு பிதாவுக்கு மகிமை’ என்று மறு தரப்பும் பாடின. அந்தியோக்கியாவின் ஆயர் லியோந்தியு துதியின் நடுப்பகுதியை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாராம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் ‘சதாகாலங்களிலும்’ என்ற முடிவு மட்டுமே கேட்கும். செசரியாவின் பசிலியு இரண்டு வடிவங்களையும் ஆராதனையில் பயன்படுத்தியதால் கண்டனத்துக்கு ஆளானார். அதற்குப் பதிலாகவே பரிசுத்த ஆவியைப் பற்றிய தம் நூலை எழுதினார். இரண்டும் சரி என்பது அவர் முடிவு: ஒன்று சுதனால் நாம் பெற்ற அருளுக்கு நன்றி, மற்றது அவருடைய இயல்பான மேன்மைக்கு வணக்கம். இந்த விவாதம் முழுவதிலும் இவ்வளவு தெளிவான பதில் வேறில்லை.

393இல் ஆப்பிரிக்காவின் ஹிப்போ சங்கம், பீடத்தில் சொல்லும் மன்றாட்டு எப்போதும் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும் என்று விதித்தது. மேற்கத்திய வழிபாட்டு நூல்களில் இந்த நெறி பெரிதும் நிலைத்தது. கிழக்கில் துறவியர் இயேசுவின் பெயரை இடைவிடாமல் சொல்லி இரக்கம் வேண்டும் ‘இயேசு மன்றாட்டு’ வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆதோஸ் மலையின் கிரகோரி பலமாஸ் அந்தத் துறவியருக்காக வாதாடினார்.

மறுப்பு முற்றிலும் ஓயவில்லை. திரான்சில்வேனியாவின் பெரென்ஸ் தாவித், இயேசுவிடம் வேண்டக் கூடாது என்று போதித்ததற்காகத் தண்டிக்கப்பட்டு 1579இல் சிறையில் இறந்தார். 1774இல் இலண்டனில் தியோபிலஸ் லிண்ட்சே தொடங்கிய ஆலயத்தில், ஆங்கிலிக்கன் மன்றாட்டு நூலிலிருந்து கிறிஸ்துவை நோக்கிய வேண்டுதல்கள் நீக்கப்பட்டன. இயேசுவின் தெய்வத்தன்மையை மறுத்தவர்களுக்கு அந்த மறுப்பு மன்றாட்டைத் தொடாமல் நிற்காது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

தமிழ்ச் சபைகளில் வேண்டுபவர் ‘இயேசுவே’ என்று அழைத்துத் தொடங்கி, ‘இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே’ என்று முடிப்பது அன்றாட வழக்கம். இது குழப்பம் அன்று. பசிலியு சரியென்று காட்டிய இரண்டு முறைகளும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.