முத்திரை விழுந்த களிமண்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது வரலாற்றுக் கட்டுரை. சங்கத்தின் நூறாண்டு வரலாற்றை எழுத என்னிலும் தகுதியான மூத்த அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். வைத்தியராகிய நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு கைப்பணியின் வரலாறு.

நம் பழைய மாணவிகள் பலர் இப்போது ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை அது. சூளையில் சுடத் தேவையில்லாத, காற்றிலேயே உலரும் களிமண்ணை ரொட்டி போலத் தட்டையாக உருட்டுகிறார்கள். அதில் இறப்பர் அச்சையோ, வேப்பிலையையோ, பழைய சேலைக் கரையையோ அழுத்தி எடுத்துக் காயவிடுகிறார்கள். பிறகு வர்ணம் பூசி, பொத்தானும் துணித்துண்டும் கடதாசியும் சேர்த்து ஒட்டிச் சட்டமிடுகிறார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பும்போது இதை ஏதோ புதிய கலை என்றே சொல்கிறார்கள். பொருட்கள் புதியவைதாம். ஆனால் ஈரக் களிமண்ணில் அச்சை அழுத்திக் காற்றில் உலரவிடும் வேலைக்கு எண்ணாயிரம் வருட வயது. எழுத்துக்கு முந்திய வேலை அது.

முதலில் மண்ணைப் பற்றி நாலு வரி. களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணிய தட்டுகள். இடையில் நீர் இருக்கும்வரை அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் மண் நம் விரலுக்கு இணங்குகிறது. நீர் ஆவியாகும்போது தட்டுகள் நெருங்கி மண் சுருங்கி இறுகும். இப்படிக் காய்ந்த மண்ணை நீரில் போட்டால் திரும்பச் சேறாகிவிடும். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் மண்ணின் கட்டமைப்புக்குள் இருக்கும் நீரும் வெளியேறிவிடும். அதன்பின் எந்த மழையும் அதைக் கரைக்காது. கடையில் வாங்கும் மண்ணில் கடதாசி நாரும் பசையும் கலந்திருப்பதால் வெடிப்பது குறைவு. பழங்காலத்தவர் மண்கல்லுக்கு வைக்கோல் கலந்ததும் அதே காரணத்துக்காகத்தான். சாணத்தில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தும் நம் வீட்டு வழக்கத்தையும் இந்தக் கலப்புக் கலையில் சேர்க்கலாம் என்பேன்.

வட சிரியாவில் தெல் சபி அப்யாத் என்றொரு மேடு. கி.மு. 6000 அளவில் அங்கிருந்த சிற்றூர் தீப்பற்றி எரிந்தது. எரிந்த வீடுகளைத் தோண்டியபோது முந்நூறு வரையான களிமண் கட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் சிறு முத்திரையின் பதிவு. கூடையையோ சாடியையோ கயிற்றால் கட்டி, அதன்மேல் ஒரு பிடி ஈரமண்ணை அப்பி, முத்திரையை அழுத்திவிடுவார்கள். மண்ணை உடைக்காமல் திறக்க முடியாது. நாங்கள் ஊசிமருந்துக் குப்பியின் மூடி குலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதே தத்துவம். அந்தச் சிற்றூரில் அரசனும் இல்லை, எழுத்தும் இல்லை. மந்தைகளோடு அலைந்து திரிந்தவர்கள் தங்கள் பொருட்களை ஊரில் இருந்தவர்களிடம் ஒப்படைத்துப் போன ஏற்பாடு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன நம் தலைமுறைக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இந்தக் கட்டிகளுக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கத்தில் முத்திரை. பின்பக்கத்தில் மண் எதன்மேல் ஒட்டியிருந்ததோ அதன் சுவடு: கயிற்றின் முறுக்கு, பாயின் பின்னல், சாடியின் கழுத்து. 1950களில் குஜராத்தின் லோத்தலை எஸ். ஆர். ராவ் அகழ்ந்தபோது, பண்டகசாலை என்று அவர் கருதிய கட்டடத்தில் 65 முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. முன்பக்கத்துச் சிந்துவெளி எழுத்தை இன்றுவரை எல்லோரும் ஏற்கும்படி வாசித்தவர் இல்லை. பின்பக்கத்தில் இருக்கும் நாணற்பாயையும் துணியையும் கயிற்று முடிச்சையும் வாசிக்க எவருக்கும் அகராதி வேண்டாம். நூதனசாலைகளில் முன்பக்கத்தைக் காட்டித்தான் அடுக்கி வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பின்பக்கத்துக்கும் ஒரு கண்ணாடி வைக்கவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சிரியாவின் வடகிழக்கில், துருக்கி எல்லைக்குக் கிட்ட, தெல் மொசான் என்ற ஊர். ஜோர்ஜியோ புச்செலாட்டி, மரிலின் கெலி புச்செலாட்டி என்ற ஆய்வாளர் தம்பதியர் 1984இலிருந்து அங்கே அகழ்ந்தார்கள். அரண்மனையின் களஞ்சிய அறைத் தரையில் உடைந்த மண்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பெட்டியையும் சாடியையும் திறக்கும்போது உடைத்து எறிந்த, சுடாத மண். நம் வீட்டில் என்றால் விளக்குமாற்றால் கூட்டி வெளியே தள்ளியிருப்போம். அவற்றைச் சேர்த்துப் பொருத்தி வாசித்தபோதுதான் அந்த மேடு தொலைந்துபோன உர்கேஷ் நகரம் என்பதே உறுதியாயிற்று. கி.மு. 2250 அளவில் அங்கே ஆண்டவன் துப்கிஷ். அவன் அரசியின் பெயர் உக்னிதும்.

அந்தத் துண்டுகளில் பெரும்பங்கு அரசியினதும் அவள் பரிவாரத்தினதும். அரசிக்கு ஒன்றல்ல, பல முத்திரைகள் இருந்திருக்கின்றன. ஒன்றில் பிள்ளையோடு குடும்பமாக இருக்கிறாள். அதிலும் பெரிய வியப்பு, அரசியின் பரிவாரத்தில் இரு பெண்களுக்குத் தங்கள் பெயர் பொறித்த முத்திரை இருந்தது. ஒருத்தி ஸமெனா, பிள்ளைகளை வளர்த்த செவிலி. மற்றவள் துலி, சமையற்காரி. துலியின் முத்திரையில் சமையற்கட்டே இருக்கிறது: ஒருவன் ஆட்டை அறுக்க ஆயத்தமாக நிற்கிறான், ஒரு பெண் மத்தால் கடைகிறாள். இந்த இருவரின் முத்திரைக் கற்கள் கிடைக்கவில்லை. காய்ந்த மண்ணில் விழுந்த பதிவுதான் கிடைத்தது. நாலாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு சமையற்காரியின் பெயரும் தொழிலும் நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் குப்பையாக எறிந்த மண்தான்.

ஈராக்கிலுள்ள ஊர் என்ற பழைய நகரத்தை லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்தார். (நகரத்தின் பெயரே ‘ஊர்’ என்பதால் சுமேரியர் தமிழர் என்று கிளம்ப வேண்டாம், ஒலி ஒத்தால் மட்டும் உறவாகாது.) அங்கே புவாபி என்ற அரசியின் கல்லறையில் கிடைத்த நீலக்கல் முத்திரையில் அவள் பெயரும் பட்டமும் உண்டு. எந்தக் கணவனின் பெயரும் இல்லை. நம் பள்ளி விழா ஒன்றில் பட்டிமன்றத் தலைப்பாக வைக்கலாம்.

களிமண்ணில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிப்பூரில் ஒரு சிறு வீட்டில், கி.மு. 18ஆம் நூற்றாண்டில், எழுத்துப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. அங்கிருந்து 1,400 அளவிலான பலகைத் துண்டுகள் எடுக்கப்பட்டன. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மாணவர் எழுதுவர். பாடம் முடிந்ததும் பலகையை நனைத்துப் பிசைந்து மறுபடி பலகையாக்குவர். அதற்கென்றே தொட்டி ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. சுடாத மண்ணின் நன்மை அது: கொப்பி முடிவதே இல்லை. நிப்பூர்ப் பலகை ஒன்றில் பற்தடம் இருக்கிறது. கடித்தது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. சோதனை மண்டபத்தில் பென்சிலைக் கடித்த நம் எல்லோருக்கும் அந்தப் பிள்ளை உறவு.

விரல்தடம் எனக்கு இன்னும் கிட்டிய விடயம். விரல் வரைகளின் சராசரி அகலம் ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ 9 வீதம் கூட. பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. அமெரிக்காவில் சாக்கோ பள்ளத்தாக்குப் பகுதியின் ஆயிரம் வருடப் பழைய பானைச் சில்லுகளில் இந்த அளவைப் பார்த்து, 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே பானை வனைந்தது பெண்களின் வேலை என்றே நம்பிவந்தார்கள். ஆண்களின் விரலும் தாராளமாக இருந்ததைத் தடங்கள் காட்டின. மண் காயும்போது தடமும் சேர்ந்து சுருங்கும் என்பதால் அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். மற்றப்படி, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத கைகளுக்கு இதைவிட நேர்மையான கையொப்பம் இல்லை.

சுடாத மண் இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? வறண்ட நிலம் ஒரு காரணம். மற்றது நெருப்பு. கி.மு. 612இல் நினிவே நகரம் எரிக்கப்பட்டபோது அசூர்பானிபால் அரசனின் நூலகமும் எரிந்தது. மரமும் மெழுகுப் பலகையும் சாம்பலாயின. மண்பலகைகளோ வெந்து இறுகின. இன்று பிரித்தானிய நூதனசாலையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் உள்ளன. சபி அப்யாத்தையும் லோத்தலையும் காத்தது தீதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களும் ஏடுகளும் கடதாசியும் ஓலையும். அவற்றை எந்தத் தீயும் சுட்டு இறுக்கித் தராது.

நம் மண்ணிலும் முத்திரை கிடைத்தது. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியொன்றை அகழ்ந்தபோது வெளிவந்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. ‘கோவேத’ என்று வாசிப்பர். வேறு வாசிப்புகளும் உண்டு. உர்கேஷில் முத்திரை போய் மண் மிஞ்சியது. இங்கே முத்திரை மிஞ்சியது. அது எந்தச் சாடியின்மேல், எந்தக் கயிற்று முடிச்சின்மேல் அழுந்தியதோ அந்த மண் நம் மாரிமழையில் கரைந்திருக்கும்.

நம் மேசையிலிருக்கும் இறப்பர் அச்சுக்கு வருவோம். சார்ள்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையால் இறப்பர் கடினமும் நெகிழ்வும் ஒருங்கே பெற்றது. அதைப் பயன்படுத்திப் பல் வைத்தியர்கள் பொய்ப்பல்லுக்கு அடித்தட்டு வார்த்தார்கள். 1860களில் அமெரிக்காவில் முதல் இறப்பர் முத்திரைகளை வார்த்ததும் அந்தப் பல் வைத்தியர்களின் பாத்திரத்தில்தான். 1876இல் பிரேசில் வித்துகள் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகள் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடைக்கு வந்தன. பிறகு இந்த மரத்தில் பால் வெட்டிய கைகளில் எத்தனை தமிழ்ப் பெண்களின் கைகள் என்பது தோட்டப்புறத்துச் சகோதரிகளுக்குத் தெரியும்.

பிள்ளைகள் பிசையும் பிளே-டோ, சுவர்க்கடதாசியில் படியும் கரியைத் துடைக்கச் செய்த பசைமா. 1950களில் கே சூஃபால் என்ற பாலர்வகுப்பு ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, தன் உறவினரான உற்பத்தியாளரிடம் இது விளையாட்டுப் பொருளாகும் என்று சொன்னார். பெயரைச் சொன்னவரும் அவரே. பெட்டியில் அவர் பெயர் இல்லை.

நம் பாடசாலைக்கும் இப்படியொரு முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு. அதிபர்களின் படங்களும் கேடயங்களும் பரிசளிப்பு அறிக்கைகளும் முன்பக்கம். சித்திர அறையில் வெண்டிக்காயையும் உருளைக்கிழங்கையும் வெட்டி அச்சுப் பதித்தவை, தடைக்காலத்தில் கலர்ப்பெட்டிக்கு வழியில்லாமல் மஞ்சளும் கரியும் குழைத்துப் பூசியவை, குளத்துக் களியில் இலையை அழுத்திச் சன்னல் கட்டில் காயவைத்தவை எல்லாம் பின்பக்கம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த அலுமாரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியவை இருக்குமானால் நம் வீடுகளில், அம்மாமாரின் இரும்புப் பெட்டிகளில்தான் இருக்கும். நூற்றாண்டுக் காட்சியில் கேடயங்களுக்குப் பக்கத்தில் அவற்றுக்கும் ஒரு மேசை வைக்கவேண்டும் என்று சங்கச் செயற்குழுவை இம்மலர் மூலம் கேட்டுக்கொள்கிறேன். செய்த மாணவியின் பெயரும் சொல்லிக்கொடுத்த டீச்சரின் பெயரும் சேர்த்து.

உங்களிடம் ஏதும் இருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். சுடாத மண் கரையும். வார்னிஷும் பூச வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி மட்டைப்பெட்டியில் வையுங்கள். மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பக்கத்தில் போடுங்கள். பெயர், வகுப்பு, ஆண்டு மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதிக் கூட வையுங்கள். இப்போது செய்பவர்களும் மட்டையில் முழுதாக ஒட்டிவிடாமல் திருப்பிப் பார்க்கக்கூடியதாகச் சட்டமிடுங்கள். படம் எடுப்பதானால் நேரே வெளிச்சம் விழாமல் ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடியுங்கள். அப்போதுதான் பள்ளமும் தடமும் தெரியும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.