பொது நிரலும் அது குடியிருந்த மனையும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் லயத்தைக் கட்டியது தோட்ட நிருவாகம். அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் தொழிலாளர். சுவருக்கு வெள்ளையடித்ததும் முற்றத்தில் கறிவேப்பிலை நட்டதும் வாழ்ந்தோர் கைகளே. ஆயினும் நிலத்தின் உறுதி அவர்தம் பெயரில் இருந்ததில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாற்றம் இருமுறை நிகழ்ந்தும் உறுதி குடியிருந்தோரிடம் வந்து சேரவில்லை.

இதனை நன்கறிந்த ஊவா மக்களுக்குக் கணினியுலகின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பகுதி எளிதில் விளங்கும். மக்கள் பட்ட துயரையும் மென்பொருளின் கதையையும் ஒரே தராசில் இடுதல் தகாது. எனினும், பலர் உழைப்பால் ஆன பொருள் யாருடைய மனையில் இருக்கின்றது, அம்மனையை விட்டு வெளியேறும்போது எதை எடுத்துச் செல்ல முடியும் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது.

மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற அனுமதியுடன் வெளிவருவது கட்டற்ற மென்பொருள். வெவ்வேறு நாடுகளில் இருப்போர் கூடி எழுதுவதால், நிரலையும் அதில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வழுக்கள் பற்றிய முறைப்பாடுகளையும் வாதப் பிரதிவாதங்களையும் ஒருங்கே வைத்திருக்கும் களஞ்சியமொன்று அவர்களுக்கு வேண்டும். அத்தகைய களஞ்சியங்களுள் முதலிற் பெரும்புகழ் பெற்றது 1999இல் அமெரிக்கக் கம்பனியொன்று தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் ஆகும்.

இலங்கையின் பங்கு இவ்வரலாற்றிற் சிறிதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இத்தீவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. உறவினரைத் தேடுவோர் ஒருபுறம், எந்த முகாமில் எத்தனைபேர் என்றறியாத அதிகாரிகள் மறுபுறம், ஒரே இடத்துக்கு இருமுறை உணவு அனுப்பிய உதவி நிறுவனங்கள் இன்னொருபுறம். அந்நாட்களில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசனைச் சார்ந்த தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதி முடித்த மென்பொருளே சஹானா. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், பொருள் வேண்டுகோள்கள் என்பவற்றுக்கு அதிலே தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. நிரல் பொதுவில் வைக்கப்பட்டமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தென் லெய்ட்டேயில் மலை சரிந்து ஊரொன்றை மூடியபோதும் அது எடுத்தாளப்பட்டது. அதற்கெனக் கட்டணமோ அனுமதியோ தேவைப்படவில்லை. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் சஹானாவுக்கு வழங்கியது.

பதிவேட்டின் அருமை ஊவாவுக்கும் பின்னர் விளங்கிற்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. காணாமற்போனோர் தொகையாக முதல் நாட்களில் வெளிவந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

சஹானாவின் நிரல் முதலிற் குடியிருந்தது சோர்ஸ்ஃபோர்ஜில். பின்னர் லோஞ்ச்பேட் என்னும் வேறொரு கம்பனியின் களஞ்சியத்துக்கும், அதன்பின் 2008இல் தோன்றிய கிட்ஹப்புக்கும் அது பெயர்ந்தது. 2018இல் கிட்ஹப்பையே மைக்ரோசொஃப்ட் வாங்கியது. இலங்கையிற் பிறந்த நிரல் ஒருபோதும் சொந்த மனையில் வாழவில்லை என்றே சொல்லவேண்டும்.

மனை மாறுவது நிரலுக்கு எளிதானமைக்கு ஒரு காரணமுண்டு. லினக்ஸ் கருவை எழுதியோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அக்கம்பனி அச்சலுகையை விலக்கிக்கொள்ளவே, லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்னும் கருவியை ஆக்கினார். அதன்படி, நிரலைப் பிரதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் அதன் முழு மாற்ற வரலாறும் சேர்ந்தே வருகின்றது. தோட்ட வரலாற்றிலே துண்டு முறை என ஒன்றிருந்தது. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டில்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. நிரலைப் பொறுத்தவரை துண்டை ஒழித்தது கிட் எனலாம்.

ஆயின் முறைப்பாடுகளும் விவாதங்களும் இன்ன மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்ற உரையாடலும் பெரும்பாலும் கிட்டுக்குள் இல்லை. களஞ்சியத்தின் ஏட்டிலேயே உள்ளன. கிட்டோரியஸ் 2015இல் மூடப்பட்டது. கூகுளின் நிரற் களஞ்சியம் 2016 சனவரியில் மூடப்பட்டது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த பயனர் சிலர் தம் தனிக் களஞ்சியங்களைத் திறக்க இயலாது நின்றனர்.

குடியிருப்போரே மனையை ஆளும் முயற்சியாக பேர்லினிற் பதிவுபெற்ற கோட்பேர்க் சங்கம் 2019 சனவரியில் தன் களஞ்சியத்தைத் திறந்தது. பேர்க் என்பது ஜேர்மன் மொழியில் மலை. மலைநாட்டார்க்கு உவப்பான பெயர்தான். உறுப்பினர் சந்தா செலுத்துவர், வாக்களிப்பர், பணிகளிற் பெரும்பகுதி தொண்டர்களுடையது. அங்கும் உரிமைச் சிக்கல் எழுந்தது. அவர்கள் பயன்படுத்திய கிட்டீ என்னும் மென்பொருளின் பெயரும் வணிகச் சின்னமும் 2022 ஒக்டோபரில் ஒரு கம்பனியின் கைக்குச் சென்றதை அறிந்த பங்களிப்பாளர் சிலர், அவ்வாண்டு முடிவதற்குள் நிரலைப் பிரித்தெடுத்து ஃபோர்ஜெயோ எனப் பெயரிட்டு, சங்கத்தின் பொறுப்பில் வளர்க்கத் தொடங்கினர். எஸ்பெராண்டோ மொழியில் அது கொல்லன் பட்டறையைக் குறிக்கும்.

இத்தகைய ஆட்சி எளிதன்று. 2025இல் வசைச் செய்திகளின் தாக்குதலும், நிரலை ஓயாது வாரிச்செல்லும் தன்னியக்கப் பொறிகளின் நெருக்கடியும் கோட்பேர்க்கைத் திணறச் செய்தன. பெருங்கம்பனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு. சங்கத்துக்கோ தொண்டர்களின் உறக்கம்.

சஹானாவிலிருந்து வளர்ந்த ஈடன் என்னும் பதிப்பின் நிரல் கிட்ஹப்பில் எவருக்கும் திறந்துள்ளது. பண்டாரவளையிலிருக்கும் மாணவரொருவரும் அதன் முழுப் பிரதியைச் சில நிமிடங்களில் எடுத்து வைக்கலாம். துண்டு கேட்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தே நடந்த உரையாடல்களைத் தனியே முயன்று எடுத்தாலன்றி அவை உடன் வாரா.