மெழுகுத் தாளில் பெரிய கோயில்

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து சில மாட்டுவண்டிகள் தெற்கே புறப்பட்டன. வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் இந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரரான மதராஸ் காலாட்படை கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்புக்குப் போரில் வேலை இல்லை. முந்தைய ஆண்டுதான் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் படமெடுத்துக்கொண்டே சென்னை வந்து சேர்வது திட்டம்.

நெகட்டிவுக்காக அவர் கொண்டுபோனது பெரும்பாலும் காகிதம். அந்த ஆண்டுக் கணக்கில் அது சற்றுப் பழைய சரக்குதான்.

புகைப்படக் கலைக்கு அப்போது பதினெட்டு வயது. 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகெரின் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். முடி இழைகூடத் தெளிவாகத் தெரியும், ஆனால் ஒரு தகடு ஒரே படம், நகல் எடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் போடலாம் என்று காட்டி, 1841இல் காப்புரிமையும் வாங்கிக்கொண்டார். அவருடைய டெவலப்பரில் இருந்த காலிக் அமிலம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயிலிருந்தே எடுக்கக்கூடியது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். காகித இழையின் கரகரப்பு போயிற்று. நிமிடக்கணக்கில் திறந்துவைக்க வேண்டிய லென்ஸை நொடிக்கணக்கில் மூட முடிந்தது. ஆர்ச்சர் காப்புரிமை வாங்கவில்லை. உலகமே அவருடைய முறையில் சம்பாதித்துக்கொண்டிருக்க, ட்ரைப் கிளம்பிய அதே 1857இல் அவர் ஏழையாகவே இறந்துபோனார்.

அப்படியிருக்க, கண்ணாடியை விட்டு ஏன் காகிதம்? பதில் மதுரை வெயிலில் இருக்கிறது. கொலோடியன் என்பது ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த வெடிபஞ்சு. ஈதர் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊரில் மாசி பிறந்தாலே நண்பகல் வெயில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். தகட்டில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, கேமராவில் வைத்து, டெவலப் செய்வதுவரை எல்லாவற்றையும் ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கோபுரத்தின் முன்னும் ஓர் இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். அன்றைக்குப் படத்தைப் பெரிதுபடுத்தும் வசதியும் நடைமுறையில் இல்லை. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் தேவை. ட்ரைப்பின் அளவு ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அந்த அளவில் கண்ணாடிகளைக் கட்டைவண்டியில் ஏற்றி நம் சாலைகளில் ஓட்டுவதை நினைத்தாலே போதும்.

பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே கண்ட வழி இதற்கு ஏற்றதாக இருந்தது. காகிதத்துக்கு முதலிலேயே மெழுகு ஏற்றிவிட்டால் அது ஒளி ஊடுருவும்படி ஆகும். மருந்து ஏற்றிக் காயவைத்து எடுத்துப் போகலாம். படம் பிடித்தபின் ஆற அமர டெவலப் செய்யலாம். ஆகவே ட்ரைப் பழமையைக் கட்டிக்கொண்டு அழவில்லை, இடமறிந்து தேர்ந்தெடுத்தார் என்றே சொல்ல வேண்டும். இதற்குச் சாட்சியும் உண்டு: சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் ஓரிடத்தில் இருந்தபடி எடுக்க நேர்ந்தபோது அவரே கண்ணாடிக்கு மாறிக்கொண்டார்.

முறைக்கு ஏற்றபடிதான் படமும் அமைந்தது. அன்றைய வெள்ளி உப்புகளுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் கறுத்துப் போகும். வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். அந்த வெறுமை ட்ரைப்புக்குப் பொறுக்கவில்லை. நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். அந்தக் கோபுரங்களுக்கு மேல் மிதக்கும் மேகங்கள் சில அவர் கையால் பிறந்தவை. ஆட்கள் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. நீண்ட நேரம் திறந்திருக்கும் லென்ஸின் முன் நடமாடுகிறவர் தடமில்லாமல் மறைந்துவிடுவார். மதுரைப் புதுமண்டபமும் தஞ்சைப் பெரிய கோயிலும் ஊரே காலிசெய்துவிட்டுப் போனதுபோல் அந்தப் படங்களில் நிற்பதற்கு இது பாதிக் காரணம். மீதி, கட்டடத்தை மட்டுமே ஆவணமாக்க நினைத்த கம்பெனி அதிகாரியின் பார்வை. திருமலை நாயக்கர் மகாலை மட்டும் அவர் படத்தில் அடையாளம் காணச் சிரமம். பின்னாளில் மதராஸ் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பதற்கு முந்தைய, இடிந்து கிடந்த மகால் அது.

இந்த வேலையெல்லாம் ஒருவர் கையால் நடந்ததல்ல. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியோடு (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) தொடர்புடைய சி. ஐயாசாமி, ட்ரைப்பின் உதவியாளராக இருந்தார். ட்ரைப்பின் பெயருக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு கீற்றுகூட இவர்மேல் விழவில்லை.

பயணத்தின் உச்சம் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படிகளை ஒட்டி, 19 அடிக்கும் மேற்பட்ட நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார் ட்ரைப். அகலப் படம் எடுக்கும் லென்ஸ் இல்லாத காலத்தில் கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்திச் செய்த வேலை. எழுத்தை அறிந்தவர் எவரும் தஞ்சைக்கு வராமலே கல்வெட்டைப் படிக்கலாம் என்பது கணக்கு.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவுக் கணக்கைப் பார்த்தார். புகைப்படம் அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரம் என்று முடிவுகட்டினார். அடுத்த ஆண்டே அரசாங்கத்தின் புகைப்படப் பிரிவு மூடப்பட்டது. 1890களில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்து, கோயில் ராஜராஜனுடையது என்று உறுதியானபோது, கல்வெட்டாய்வாளர்கள் நம்பியது கேமராவை அல்ல, மைப்படியை. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் அறைந்து ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் அந்த வேலைக்கு லென்ஸும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். ட்ரெவெல்யனே மறுக்க முடியாத செலவு.