டிராப் செய்ய முடியாத கை: இணையச் சூதாட்டத்தில் திறமை, கட்டுப்பாடு, நோய்க்குறி

பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி இந்தியாவில் நடந்த சட்ட விவாதம் ஏறத்தாழ முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது. ஓர் ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? திறமை என்றால் விளையாட்டு. அதிர்ஷ்டம் என்றால் சூது. ஆடுபவர் எந்தக் கட்டத்தில் தன்வசம் இழக்கிறார் என்பதை அறிய இந்தக் கேள்வி உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். உதவாததோடு நில்லாமல், அது தடையாகவும் நிற்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும் நாளிலும் ஒருவரைத் திரைமுன் உட்கார்த்தி வைப்பது, ‘எனக்கு ஆடத் தெரியும்’ என்ற நம்பிக்கைதான். ஆகவே கட்டுப்பாட்டை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆடுபவரின் மனத்தில் தேடுவதில் பயனில்லை. ஆட்டத்துக்கு முன்பும், ஆடுபவருக்கு வெளியிலும் அதை அமைத்துத் தர வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1968இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைக் கையில் வைப்பது, எதை எறிவது என்று தேர வேண்டும் என்பது அதன் காரணம். பிற்காலத்தில் இணைய ரம்மி நிறுவனங்கள் தமக்குக் கேடயமாகப் பிடித்தது இந்த வரிகளைத்தான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் மனையின் உரிமையாளரோ மன்றமோ பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இலாபம் ஈட்டுவதாகச் சான்று இருந்தால், குற்றம் நிலைநாட்டப்படலாம் என்று நீதிமன்றம் அங்கேயே சொல்லியிருக்கிறது. திறமையைப் பற்றிய பாதி மேடைதோறும் எடுத்துக்காட்டப்பட்டது. மனைக்காரரின் இலாபத்தைப் பற்றிய பாதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அந்த மறக்கப்பட்ட பாதியின் பொருளை ஒரு சிறு கணக்கில் காணலாம். சமமான திறமை கொண்ட இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் ஆடுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய் பணயம். தளம் எடுக்கும் கமிஷன் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 ரூபாயில் 20 தளத்துக்கு, வென்றவருக்கு 180. இருவரும் மாறிமாறி வென்றாலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆளுக்கு 10 ரூபாய் கரைகிறது. நூறு ஆட்டத்தில் இரண்டாயிரம் ரூபாயும் தளத்தின் பெட்டிக்குப் போய்ச் சேரும். சீட்டுக் குலுக்கவோ ஆள் சேரவோ காத்திருக்க வேண்டாத திரையில், ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் என்றால், நூறு ஆட்டம் ஐந்து மணி நேரம். அதாவது ஓர் இரவு. இதில் இருவருக்கும் திறமை இருந்தது, இருவரும் தோற்றார்கள்.

‘நான் எதிராளியைவிடக் கெட்டிக்காரன், எனக்குச் சராசரி பொருந்தாது’ என்று ஆடுபவர் சொல்வார். சிலருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ரம்மியின் திறமை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாயின்ட்ஸ் ரம்மியில் கை சரியில்லை என்றால் முதலிலேயே டிராப் செய்து 20 புள்ளி இழப்போடு வெளியேறலாம். இடையில் விட்டால் 40. கடைசிவரை நின்று தோற்றால் 80 வரை ஏறும். எந்தக் கையை ஆடாமல் விடுவது என்ற முடிவுதான் நல்ல ஆட்டக்காரரின் முதல் அடையாளம். இழந்ததை மீட்கும் வெறி ஏறியவுடன் முதலில் போவது இந்த முடிவுதான். 20இல் விட வேண்டிய கையை, ‘ஒரு சீட்டு வந்தால் போதும்’ என்று 80 வரை இழுப்பார். ஒவ்வொரு கையையும் அளவோடு டிராப் செய்யத் தெரிந்தவருக்கும், இந்த இரவையே டிராப் செய்வது வேறொரு செயல். அதற்கான பொத்தான் ஆட்ட விதிகளில் இல்லை. நீதிமன்றங்கள் அளந்த திறமை ஓர் ஆட்டத்துக்குள் அடங்கியது. எத்தனை ஆட்டம், எந்த நேரத்தில், எவருடைய பணத்தில் என்பவை அந்த அளவுகோலுக்குள் வரவேயில்லை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் இந்த இடத்தில் நமக்கு மிகவும் உதவுகிறது. ‘சூது’ என்ற அந்த அதிகாரத்தை அறவுரை என்று மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அதை ஒரு நோய்க்குறிப்பேடாகவும் படிக்கலாம் என்பது என் கருத்து. ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று வள்ளுவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவர் தொடங்குவது தோல்வியிலிருந்தும் அல்ல, வெற்றியிலிருந்து. ஆடுபவன் பெறும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். அடுத்த குறளில் ஒன்றைப் பெற்று நூறை இழக்கும் கணக்கு வருகிறது. இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் மிகுவதைச் சொல்லி அதிகாரத்தை முடிக்கிறார். பெரிய முதல் வெற்றி, சமனற்ற இழப்பு, இழப்பாலேயே பெருகும் நாட்டம்: இன்றைய மருத்துவம் விவரிக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. அதிகாரத்தின் இடமும் கவனிக்கத்தக்கது. பரிமேலழகர் கொண்ட வைப்பில் அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. மனநோய்களுக்கான அமெரிக்கக் கையேடு 1980இல் கட்டுமீறிய சூதாட்டத்தை முதன்முறையாகச் சேர்த்தபோது, அதைத் தூண்டுதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது மது, போதைப்பொருள் அடிமைநிலைகளோடு ஒரே பிரிவுக்கு மாற்றப்பட்டது. குறளின் அடைவையும் கையேட்டின் வகைப்பாட்டையும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கள்ளுக்குப் பக்கத்தில் சூதை வைத்தவர்கள் ஒற்றுமை ஒன்றைக் கண்டே வைத்திருக்க வேண்டும்.

இழப்பைத் துரத்தும் இந்த இயல்பை அமெரிக்கச் சமூகவியலாளர் ஹென்றி லெசியர் 1977இல் ‘துரத்தல்’ என்ற பொருள்தரும் தலைப்பிலேயே ஒரு நூலாக எழுதினார். இழந்தவன் மனத்தில் அந்தப் பணம் போய்விட்டதாகப் பதிவதில்லை. எங்கோ தற்காலிகமாக நிற்பதாகவே பதிகிறது. அதை எடுத்துவர இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் மேலும் செலவழிக்கிறார். அவர் பார்வையில் மீட்பு வேலை நடக்கிறது.

இந்த மனநிலையை வளர்ப்பதற்கென்றே திரை அமைக்கப்பட்டிருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத பரிசு, தவறாமல் வரும் பரிசைவிட ஒரு செயலை ஆழமாகப் பதிய வைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. லூக் கிளார்க்கும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தவறிய வெற்றி ஆடுபவருக்கு எரிச்சலைத் தந்தபோதே மேலும் ஆடும் ஆசையைக் கூட்டியது; மூளையில் வெற்றிக்குக் கிளர்ந்தெழும் பகுதிகளே அதற்கும் கிளர்ந்தன. ‘ஒரே ஒரு சீட்டில் போச்சு’ என்று சொல்லும்போது ஆடுபவரின் உடல் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில டோபமின் வகை மருந்துகளின் அனுபவம் இதைவிடக் கடுமையான சான்று. வாழ்நாளில் சீட்டைத் தொடாத முதியவர்கள் சிலர் அந்த மருந்தைத் தொடங்கியபின் சூதாட்டத்தில் விழுந்தார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வேட்கை தணிந்தது. மன உறுதி இல்லாதவர் என்று ஒருவரைத் திட்டுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அறிகுறிகள். அமெரிக்கக் கையேடு ஒன்பதைத் தருகிறது. பன்னிரண்டு மாதத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் எனக் கொள்ளலாம் என்கிறது. அதே கிளர்ச்சிக்குப் பணயத்தை ஏற்றிக்கொண்டே போவது, நிறுத்த முயன்றால் சிடுசிடுப்பு, நிறுத்த முயன்று தோற்பது, எப்போதும் அதே நினைப்பு, மனம் நொந்த வேளையில் ஆடப் போவது, இழந்ததை மீட்க மறுநாள் திரும்புவது, மறைக்கப் பொய் சொல்வது, உறவையோ வேலையையோ படிப்பையோ பணயமாக்குவது, பணத்துக்குப் பிறரை நம்பி நிற்பது. இவற்றில் எவ்வளவு தோற்றார் என்ற தொகையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டத்தின் பெயரும் இல்லை. 1997இல் முன்வைக்கப்பட்ட ஒரு குறுஞ்சோதனை இரண்டே கேள்விகளில் நிற்கிறது: மேலும் மேலும் பணம் வைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா, எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்ததுண்டா? உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, பெரிதும் இணையவழி ஆடுவதைத் தனி வகையாகவே குறித்திருக்கிறது.

இணையவழி என்பதைப் பிரித்துச் சொல்ல வலுவான காரணம் உண்டு. குடித்தவர் வீட்டுக்குள் நுழைந்தாலே தெரிந்துவிடும். சீட்டு மன்றத்துக்குப் போனவர் வர நேரமாகும், யாரோ பார்த்துச் சொல்வார்கள். இணையத்தில் ஆடுபவர் மனைவியின் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், குழந்தையை மடியில் வைத்திருக்கிறார், அலுவலகத்தில் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் எதுவும் தெரியாதபோது பணத்தின் தடத்தைத்தான் பார்க்க வேண்டும். யுபிஐ கணக்கில் 200, 500, 500, 1,000 என்று நிமிட இடைவெளியில் ஒரே இடத்துக்குப் போன தொகைகள், அழிக்கப்பட்ட வங்கிக் குறுஞ்செய்திகள், ஒன்றை அடைக்க இன்னொன்றாக எடுத்த கடன் செயலிகள், சொல்லாமல் அடகுக்குப் போன வளையல், சம்பளம் வந்த இரண்டாம் நாளே கைமாற்றுக் கேட்பது. தூக்கம் கெட்டு, காலையில் முகம் வீங்கி, கேட்டால் ‘ஆபீஸ் டென்ஷன்’ என்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மூன்று சேர்ந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உண்மை வெளியானதும் நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். அழுகை, சத்தியம், பிறகு அப்பாவோ மாமனாரோ நகையையோ நிலத்தையோ விற்றுக் கடனை அடைப்பது. பாரதத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. துகிலுரிப்பின் கொடுமையில் அது நம் கண்ணில் படாமல் போகிறது. முதல் சூதில் தருமன் இழந்த அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பித் தந்துவிடுகிறான். பாண்டவர் ஊர் திரும்பும் வழியில் மறு அழைப்பு வருகிறது, தருமன் திரும்பி வந்து மறுபடி ஆடுகிறான். வனவாசம் வந்தது இந்த இரண்டாம் ஆட்டத்தால்தான். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தது அவனுடைய ஆட்டத்தை நிறுத்தவில்லை. கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடும் தந்தையின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் ஆடியவரின் கை வழியாகப் போகக்கூடாது. கடன் கொடுத்தவருக்கே நேரடியாக, தவணையாகப் போக வேண்டும். சம்பளக் கணக்கும் யுபிஐயும் சில மாதங்களுக்கேனும் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இதை அவமானம் என்று அவர் எண்ணாதபடி செய்வது குடும்பத்தின் வேலை. வெட்கத்தாலும் கடனாலும் நெருக்குண்டவருக்குத் தற்கொலை எண்ணம் வருவது அரிதன்று. அதை நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை இந்நோய்க்கு நன்கு ஆராயப்பட்ட வழி.

‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்ற வாசகத்தை நிறுவனங்கள் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவந்தன. பொறுப்பை முழுவதும் ஆடுபவர் தலையில் வைக்கும் வாசகம் அது. பிற நாடுகளில் பயன் தந்தவை வேறு வகையானவை. நார்வே 2007இல் காசு போடும் சூது இயந்திரங்களையே அகற்றியது. பிரிட்டன் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடுத்தது. அதே ஆண்டு, ஒருவர் ஒருமுறை பதிந்தால் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அவரைக் குறைந்தது ஆறு மாதம் விலக்கிவைக்கும் பொதுப் பதிவேட்டில் தளங்கள் சேர்வதைக் கட்டாயமாக்கியது. இடையில் மனம் மாறினாலும் அந்தப் பதிவை நீக்க முடியாது. அதன் பலமே அதுதான். தெளிந்த வேளையில் எடுத்த முடிவை வெறியேறிய வேளையில் மாற்ற முடியாமல் வைப்பதே கட்டுப்பாடு. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டங்களை மூடச் சொன்னதும் இந்த வகையே. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றது. மேலே நாம் போட்ட கணக்கின் ஐந்து மணி நேரமும் இந்த ஐந்து மணி நேரமும் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அந்த இரவை மூடியதில் தற்செயல் எதுவும் இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் மேலே போய், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. ஆடுபவரை அது தண்டிக்கவில்லை. திறமைக் கேள்வியைக் கைவிட்ட அளவில் அந்தச் சட்டம் சரியான பக்கம் திரும்பியதாகவே நினைக்கிறேன். ஆனால் தடை அறிகுறிகளைத் துடைத்துவிடாது. வெளிநாட்டுத் தளங்களின் இணைப்புகள் கைபேசிக்குக் கைபேசி போகின்றன. அங்கே நேர வரம்பும் இல்லை, தொகை வரம்பும் இல்லை. வென்ற பணம் கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை. முன்பு ஆடியதை ஒளித்தவர், இப்போது சட்டத்துக்குப் புறம்பாக ஆடுவதையும் சேர்த்து ஒளிப்பார். மருத்துவரிடம் வாய் திறக்க இன்னும் தயங்குவார்.

அப்படி வருபவரிடம் ‘எவ்வளவு இழந்தீர்கள்’ என்று தொடங்கினால் பாதித் தொகையே வெளிவரும். ‘நன்றாக ஆடுவீர்களா’ என்று கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவார். கணக்கில் இன்னும் பணம் இருக்கும்போதே ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்தது கடைசியாக எப்போது என்று கேளுங்கள். தேதி சொல்ல முடிந்தவரோடு வரம்புகளைப் பற்றிப் பேசலாம். யோசித்து யோசித்து, நினைவு வராமல் தலை கவிழ்ந்தவருக்கு அன்றைக்கே சிகிச்சை தொடங்க வேண்டும்.