யாழ்ப்பாணத்து வாணிகமும் வெறுங்கலன்களும்

வாணிக வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பண்டங்களையும் அவற்றின் விலையையும், துறைமுகங்களையும் அங்கே தண்டப்பட்ட சுங்கத்தையுமே ஆராய்வர். பண்டத்தைத் தாங்கிச் சென்ற பெட்டியும் பாயும் சாக்கும் சாடியும் அவர் கருத்தை ஈர்ப்பதில்லை. பண்டம் விற்றுத் தீர்ந்தபின் அக்கலன் யாதாயிற்று என்னும் வினா இன்னும் அருகியே எழுப்பப்படுகின்றது. ஆயின், கடல்கடந்து வாணிகஞ் செய்தார்க்கு அஃது அற்பமான வினாவன்று. நிறைகலனுக்குக் கூலி கொடுப்பார் உளர். வெறுங்கலனுக்குக் கொடுப்பார் இலர். தோணியினுள்ளே இரண்டும் ஒரே அளவான இடத்தையே கொள்ளும். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க மாந்தர் கண்ட வழிகள் பெரும்பாலும் மூன்று வகையுள் அடங்கும். கலனைச் சென்ற இடத்திலேயே விட்டுவிடுதல் ஒன்று. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி மீட்டுக்கொணர்தல் மற்றொன்று. மடித்தோ கழற்றியோ சிறிதாக்கிக் கொணர்தல் மூன்றாவது. யாழ்ப்பாணக் குடாநாட்டு வரலாற்றில் இம்மூன்றும் உண்டு. எக்காரணம் பற்றி எவ்வழி கைக்கொள்ளப்பட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விட்டுவிடும் வழிக்குப் பெருஞ்சான்று உரோமாபுரியில் உள்ளது. அங்கே தைபர் ஆற்றின் அருகே மொந்தே தெசுத்தாச்சியோ என்னும் குன்று ஏறக்குறைய 35 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. அஃது இயற்கையாய் எழுந்த குன்றன்று. இசுப்பானியாவிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் கொணர்ந்த மட்சாடிகளை உடைத்துக் குவித்த குவியலே குன்றாயிற்று. எண்ணெய் ஊறிய சாடி பிறிதொன்றுக்கு உதவாது. வெறுஞ்சாடியைத் திருப்பியனுப்பும் செலவோ புதுச்சாடியின் விலையினும் மிகும். ஆதலின் உடைத்தலே இலாபமாயிற்று. கீழைக்கடலிலும் இந்நிலையே இருந்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில், சீனத்துக் கிண்ணங்கள் பெருஞ்சாடிகளுள்ளே சுருள்சுருளாய் அடுக்கப்பட்டிருந்தன. சாடியே பெட்டியாகவும், இறக்கிய துறையில் விலைப்பொருளாகவும் உதவியது. ஊர்காவற்றுறைக்கு அயலே அல்லைப்பிட்டியில் 1977இல் யோன் காசுவெல் என்னும் அறிஞரும், 2018இல் சாங்காய் அரும்பொருளகத்தாரும் அகழ்ந்தெடுத்த சொங் காலத்துச் சீனக் கலவோடுகள், அக்கடல்வழியின் ஒரு கிளை குடாநாட்டின் தீவுகளைத் தொட்டுச் சென்றதை ஐயமற நிறுவுகின்றன.

அதே ஊர்காவற்றுறையைப் பற்றியது நயினாதீவிலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. பராக்கிரமபாகு மன்னனின் ஆணையாகிய அது, யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வாணிகப் பண்டம் கொணரும் கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்தைச் சேரும் என விதிக்கின்றது. பண்டம் எதிற் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பற்றி அரசனுக்குக் கவலையில்லை. அக்கவலை வணிகனுக்கும் அவன் வீட்டாருக்குமே உரியது.

கழற்றிச் சிறிதாக்கும் வழியை இந்நாட்டிற் பெரிதும் கையாண்டவர் ஐரோப்பியரே. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தம் கலத்தோடு அதன் பெயரையும் விட்டுச்சென்றனர். பீப்பா என்னும் சொல் அவருடையது. வளைந்த பலகைகளும் வளையங்களுமாய் அமைந்த அக்கலனைக் கழற்றினால் விறகுக்கட்டுப் போலச் சிறுத்துவிடும். கப்பலிலுள்ள தச்சன் வேண்டும்போது மீண்டும் பூட்டிக்கொள்வான். பிற்காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிறநாடுகளிலிருந்து வந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளும் தட்டுத்தட்டாய் வந்திறங்கித் தோட்டத்திலேதான் பூட்டப்பட்டன. ஆயினும் பூட்டிய தேயிலைப்பெட்டி திரும்பி வரவில்லை. சுருங்கி வருதல் வேறு, மீண்டு வருதல் வேறு என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

யாழ்ப்பாணத்தார் தமக்கென ஆக்கிக்கொண்ட கலன்களோ பனையினின்று பிறந்தன. வில்லியம் பேர்கசன் 1850இல் கொழும்பிலே பனையைப் பற்றித் தனிநூலொன்றே வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் தாலவிலாசம் தொகுத்துரைக்கும் என்பதும் அக்காலத்து ஆங்கில நூல்கள் வாயிலாகப் பரவிய செய்தி. பயன்களை எண்ணுவதிற் காட்டிய ஆர்வத்தை, ஒவ்வொரு கலனும் ஏன் அவ்வடிவு பெற்றது என்று நோக்குவதிற் பலர் காட்டவில்லை.

கடகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் அடி சதுரம், வாய் வட்டம், அடியினும் வாய் அகன்றது. ஈர்க்கு நீக்கி வார்ந்த ஓலையை நனைத்துப் பதப்படுத்தி இழைத்து, விளிம்பையும் அடியையும் பனைமட்டையின் நாரினாற் பொத்தி வலியுறுத்துவர். சதுர அடி நிலத்திலே சாயாது நிற்கும். வட்ட வாய் தலைச்சுமைக்கும் கைப்பிடிக்கும் ஏற்றது. அடியினும் வாய் அகன்றமையால் பத்துக் கடகம் ஒன்றனுள் ஒன்றாய் அமர்ந்து, ஒரு கடகத்தினும் சிறிதே உயர்ந்து நிற்கும். சந்தைக்கு நிறைகடகங்களோடு சென்ற வண்டி திரும்புகையில் அவற்றை ஒரு மூலையிலே அடக்கிக்கொண்டு, எஞ்சிய இடத்தில் வேறு சுமை ஏற்றியது. உமல் அதனின் வேறானது. இருபுறமும் ஒட்டிக் கிடக்கும் ஓலைப் பை அது. மீனோ கருவாடோ இட்டால் வயிறு பருக்கும், கொட்டினால் தட்டையாகும், மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும் ஆதலின் மெல்லிய குருத்தோலையே இதற்குச் சிறந்தது. வெற்றிலையும் காசும் வைக்கும் கொட்டப்பெட்டி முதல் நகை வைக்கும் அடுக்குப்பெட்டி வரை இவ்விரு நெறிகளின் வேறுபாடுகளே.

குட்டானின் இயல்போ இவற்றிற்கு முற்றும் மாறானது. காய்ச்சிய பதநீர்ப் பாகைச் சூட்டோடு அதில் வார்ப்பர். பாகு இறுகிப் பனங்கட்டியாகும்போது குட்டானே அச்சாகவும் உறையாகவும் அளவாகவும் அமையும். கட்டியை உண்டபின் குட்டான் அடுப்பிற்கு; எவரும் அதை மீட்டுக்கேட்பதில்லை. ஒரே மரத்தின் ஓலையை, ஒரே வீட்டுப் பெண்கள் கையால், மீளவேண்டியதற்கு ஒரு வகையாகவும் மீளவேண்டாததற்கு வேறு வகையாகவும் இழைத்தமை தற்செயலாய் நேர்ந்ததன்று.

இதனை மேலும் விளக்குவது புகையிலை வாணிகம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு மலையாள நாடே பெருஞ்சந்தை. திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகையிலை விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. பதப்படுத்திய இலையைக் கட்டுக்கட்டாக்கிப் பனையோலைப் பாயினாற் சுற்றி, இறுகக் கயிறிட்ட பொதியே சிப்பம் எனப்பட்டது. பாய் உப்பங்காற்றைத் தடுத்தது. இலையின் ஈரம் முற்றும் உலர்ந்துவிடாமலும் காத்தது. ஊர்காவற்றுறையிலும் பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் ஏற்றிய சிப்பங்கள் மலையாளக் கரையில் அவிழ்க்கப்பட்டன. அவிழ்த்த பாயை மடித்து மீட்டுக்கொணர்வது எளிதே. பாயினும் நன்கு மடியும் பொருள் வேறில்லை. எனினும் அது திரும்புவதில்லை. மீண்ட தோணிகளில் ஓடும் தேக்குமரமும் வந்தன. பனை மலிந்த குடாநாட்டுக்குப் பழம்பாயைக் கொணர்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும்.

வங்காளத்துச் சணற்சாக்கின் கதை வேறு. கல்கத்தாவுக்கு அணித்தாயுள்ள இரிசுராவிலே 1855இல் முதற் சணலாலை தொடங்கிய பின்னர், உலகத்துத் தானியமெல்லாம் சாக்கிலே பயணஞ் செய்யலாயிற்று. தன் உணவுக்குப் போதிய நெல் விளையாத யாழ்ப்பாணம், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியோடு சாக்கையும் பெற்றது. அரிசி தீர்ந்தபின் சாக்கை எறிந்தாரில்லை. உதறி, வெயிலிற் காயவிட்டு, கிழிசலைத் தைத்து, மடித்துக் கட்டி விற்றனர். வெறுஞ்சாக்கு வாணிகம் என ஒரு தொழிலே உண்டாயிற்று. 1905இல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை நிறைவுற்றபின் அச்சாக்குகளே தென்னிலங்கைக்குத் தோட்டப்பொருள் கொண்டுசென்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் பெருவிலை பெற்ற காலத்தில், கொழும்புக்கு நிறைசாக்கோடு சென்ற லொறிகள் வெறுஞ்சாக்குக் கட்டுக்களோடு மீண்டன.

முன்னோர் எதனையும் வீசார், சிக்கனமே அவர்தம் குணம் எனப் புகழ்ந்துரைப்பார் பலர். புகையிலைப் பாயும் அரிசிச் சாக்கும் அக்கூற்றை அப்படியே ஏற்கவிடுவதில்லை. ஒரே வணிகர் ஒன்றைக் கரையிலே விட்டு மற்றொன்றைப் போற்றிக் காத்தனர். பாய் வீட்டிலே பிறந்தது. சாக்கு விலைக்கு வந்தது. மேலும், ஓலைக்கலன் மலிவாயிருந்தமைக்குப் பனையின் பெருக்கம் மாத்திரம் காரணமன்று. ஓலைக்கு வேலியும் கூரையும் போட்டியாக நின்றன. புகையிலைத் தோட்டத்து மண்ணிலே எருவாகத் தாழ்ப்பதற்கும் ஓலையே வேண்டப்பட்டது. இத்தனை தேவைகளுக்கிடையிலும் பெட்டியும் பாயும் மலிவாய்க் கிடைத்ததன் மறைபொருள் பெண்களின் உழைப்பு. வீட்டுவேலை ஓய்ந்த பொழுதில் அவர்கள் இழைத்தனர். அவ்வுழைப்புக்குக் கூலி எழுதிய கணக்கேடு இல்லை. வறிய குடும்பங்களில் அதுவே காசு காணும் ஒரே வழியாயிருந்தும், ஒரு நாள் உழைப்பின் ஊதியம் சொற்பமாகவே இருந்தது. சிக்கனம் என இன்று போற்றப்படுவதில் ஒரு பங்கு, பிறர் உழைப்பை எண்ணாமல் விட்டமையே.

எண்ணப்படாத உழைப்பு இருந்தவரை ஓலை நின்றது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் பிற தொழிலுக்கும் சென்றபோது அது தளர்ந்தது. அக்காலத்திலேயே பிளாத்திக்கு இழையால் நெய்த உரப்பையும் வந்தது. உரப்பை சாக்கினும் இலேசானது, உக்காது, ஓலையைப்போல மடிப்பில் வெடிக்காது. 1990 தொடக்கம் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் வெறும்பையும் வெறும்போத்தலும் விலைப்பொருளாகிய குடாநாட்டில் அது பலமுறை கைமாறியது. போர்க்காலத்தில் எறிகணையாலும், பதுங்குகுழிகளுக்குத் தறிக்கப்பட்டமையாலும் பனைகள் பெருந்தொகையாய் அழிந்தன. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஓலைத்தொழிலைப் பேணிவருகின்றதாயினும், இன்று விற்கப்படும் பெட்டி பெரும்பாலும் அழகுப்பொருள்; சுமைதாங்கும் கலனன்று.

உலக வாணிகமும் இவ்வினாவையே பேரளவில் எதிர்கொண்டுள்ளது. 1956ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள் மல்கம் மக்லீன் என்பார் 58 அலுமினியக் கொள்கலன்களைக் கப்பலேற்றி நியூவாக்கிலிருந்து ஊசுற்றனுக்கு அனுப்பினார். ஏற்றிறக்கக் கூலி அதன்பின் மிகக் குறைந்தது. ஆயின் ஏற்றுமதி மிக்க நாட்டிலிருந்து இறக்குமதி மிக்க நாட்டுக்குச் சென்ற கொள்கலன் நிறைந்து திரும்புவதில்லை. கடலிற் செல்லும் கொள்கலன்களில் ஐந்திலொரு பங்களவு வெறுமையாகவே செல்வதாகக் கணிப்பர். நான்கு வெறுங்கொள்கலன்களை மடித்து ஒன்றன் இடத்தில் அடக்கும் அமைப்பை ஒல்லாந்து நாட்டார் அண்மையில் ஆக்கினர். அஃது இன்னும் பெருவழக்காகவில்லை. கீல்கள் பழுதுறும், மடிக்க ஆளும் பொறியும் வேண்டும், எல்லாவற்றினும் மேலாக, மடிப்பவன் ஒருவன், மிஞ்சிய இடத்தின் பயனைப் பெறுபவன் வேறொருவன். உமலை மடித்துக் கக்கத்தில் இடுக்கிய மீன்விற்பவளுக்கு அவ்விருவரும் தானேயாதலின் இடர்ப்பாடு எழவில்லை.

2011ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை அரசு இவ்வேறுபாட்டை நன்கறியும் வாய்ப்பைப் பெற்றது. சாக்கிலே திணித்து ஏற்றுவதாற் காய்கறிகளில் மூன்றிலொரு பங்களவு நசுங்கிக் கெடுகின்றது எனக் கூறி, அவற்றைப் பிளாத்திக்குக் கூடைகளிலேயே ஏற்றிச்செல்ல வேண்டும் என விதித்தது. நோக்கம் நன்றே, கூடைகள் பலமுறை பயன்படத்தக்கவை என்பதும் உண்மை. ஆயின் கூடையை விலைக்கு வாங்குபவர் வணிகரும் தோட்டக்காரரும். நசுங்காத காயைப் பெறுபவர் நகரத்தார். லொறியொன்றிற் சாக்கிலேற்றிய அளவு கூடையில் ஏற்ற இயலாமையாற் கூலி மிகும் என்றும், வெறுங்கூடை மீள்வதற்கும் இடம் வேண்டும் என்றும் முறையிட்டு, தம்புள்ளை முதலிய சந்தைகளில் வணிகர் கிளர்ந்தெழுந்தனர். சில வாரங்களுள் விதி தளர்த்தப்பட்டது. கரட்டும் கோவாவும் மீண்டும் சாக்கிலே லொறியேறின.