பாட்டில் பீருக்கு மரியாதை உண்டா? பனங்காட்டிலிருந்து ஒரு குறிப்பு

போன சித்திரையில் திருச்சுழிப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்திருந்தான். கடைக்குள்ளேயே பீர் தயாரித்துக் கொடுக்கிற மைக்ரோ ப்ரூவரிகளில் குடித்துப் பழகியவன். டாஸ்மாக்கிலிருந்து யாரோ வாங்கி வந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் பீரே இல்ல. ஃபேக்டரித் தண்ணி" என்றான்.

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா உடனே அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "பேராண்டி சொல்றது சரிதான்யா. கள்ளு எறக்குன ஊர்ல இதப் போய் எவன் தொடுவான்?"

பெரியப்பா எழுபதைத் தொட்டவர். எங்க குடும்பத்தில் பனையேறிய கடைசி ஆள். இருவருக்கும் எதிராக நான் மட்டும் பாட்டிலுக்காகப் பேசினேன். அன்றைக்கு ஒழுங்காகப் பேச வரவில்லை. அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெரியப்பாவின் கட்சி. கள்ளைப்போல ஒரு கைத்தொழில் பானம் கிடையாது. பனையில் பாளை வந்ததும் அதைக் கட்டி, இடுக்கி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவல் கொஞ்சம் கூடினால் பாளை வீணாகும், குறைந்தால் ஒழுக்கு நின்றுபோகும். காலையும் மாலையும் மரமேற வேண்டும், ஒருநாள் விட முடியாது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் தானாக வேலையை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் நுரைக்கும். சாயங்காலத்துக்குள் நாலைந்து சதவீதம் ஆல்கஹால் ஏறிவிடும். ஒரு சாதாரண லாகர் பீருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மறுநாள் புளித்து, அதற்கப்புறம் காடியாகப் போய்விடும். மரத்துக்கு மரம், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் ருசி மாறும். பெல்ஜியத்தில் காற்றிலிருக்கும் ஈஸ்டை நம்பி லாம்பிக் என்று ஒரு பீர் செய்கிறார்கள். அதை என் மருமகன் கோயில் பிரசாதம் மாதிரிப் பேசுவான். பெரியப்பா செய்ததும் அதே வேலைதான் என்று சொன்னபோது கொஞ்சம் யோசித்தான்.

சரி, பாட்டிலின் கட்சிக்கு வருவோம்.

இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற பொன்னிற லாகரின் கதை கெட்டுப்போன பீரிலிருந்து தொடங்குகிறது. பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், பில்சென் என்று ஒரு ஊர். 1838-ல் அந்த ஊர்க்காரர்கள் 36 பீப்பாய் பீரை நகரமன்றத்துக்கு முன்னால் தெருவில் கொட்டினார்கள். குடிக்க லாயக்கில்லாமல் கெட்டிருந்தது. வெறுத்துப்போய் ஊரே சேர்ந்து ஒரு புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்ற ஆளை வரவழைத்தார்கள். 1842-ல் அவர் இறக்கியதுதான் முதல் பில்ஸ்னர். லாகர் என்ற பெயரே ஜெர்மன் மொழியில் சேமித்து வைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் மெதுவாக நொதிக்க விட்டு, வாரக்கணக்கில் குளிரிலேயே வைத்துத் தெளியவிட வேண்டும்.

அப்புறம் நடந்ததெல்லாம் விஞ்ஞானம். 1870-களில் லிண்டே செய்த குளிரூட்டும் எந்திரம் ம்யூனிக்கில் ஒரு பீர் ஆலைக்குத்தான் முதலில் போனது. பீர் ஏன் கெடுகிறது என்று பாஸ்டர் ஒரு புத்தகமே எழுதினார், 1876-ல். 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்தார். அந்த ஈஸ்டைக் கம்பெனி பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இதை நான் மருமகனிடம் சொன்னபோது, "அதுக்காக ருசி வந்துருமா மாமா?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று. கறுப்பு பீரிலும், ஹாப்ஸ் கசப்பு தூக்கலான பீரிலும் சின்னப் பிழைகள் ஒளிந்துகொள்ளும். வெளிறிய லாகரில் ஒளிய இடமில்லை. லட்சக்கணக்கான பாட்டிலில் ஒரே ருசியை, அதுவும் நம்ம வெயிலில் லாரியில் போய் இறங்கும்வரை காப்பாற்றுவது சாதாரணக் காரியமில்லை. வேலை தெரிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

பாட்டிலுக்கு எதிராகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. பார்லியைக் குறைத்து அரிசி, சோளம், சர்க்கரை சேர்ப்பது இங்கே சகஜம். இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி பில்சென் வாரிசும் இல்லை, 'ஸ்ட்ராங்' என்று பெயர் போட்ட பீர். போதைக்காகவே ஏற்றியது. அதற்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இந்தியாவுக்கு இந்தச் சரக்கு வந்தது வெள்ளைப் பட்டாளத்துக்காக. தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஐந்து சின்ன ஆலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார். அதில் ஒன்று நீலகிரியைச் சேர்ந்தது. ஊட்டிக் குளிரும் கண்டோன்மென்ட்டும் இருந்த இடத்தில் பீர் இருந்தது. திருச்சுழியின் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கே பனை இருந்தது.

பனை இருந்ததால் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். குண்டாற்றோரமாகவே போனால் கமுதி வரும். 1985-ல் மாவட்டம் பிரிந்தபோது அது ராமநாதபுரத்தில் நின்றது, நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை சப்-கோர்ட், சென்னை உயர்நீதிமன்றம், கடைசியில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் என்று எல்லா இடத்திலும் நாடார்கள் தோற்றார்கள். அன்றைய ஆவணங்கள் 'சாணார்' என்று எழுதிய அந்தச் சமூகத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தச் சொன்ன காரணங்களில் முக்கியமானது கள்ளிறக்கும் தொழில். கள்ளைக் குடித்தவர்களுக்குக் கோயில் கதவு திறந்திருந்தது. இறக்கிக் கொடுத்தவனுக்குத்தான் மூடியிருந்தது.

ராமநாதபுரத்து ஆறு ஊர் நாடார்கள் என்று வரலாற்றில் வருகிற பட்டியலில் அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும் உண்டு. வியாபாரம், பேட்டை, உறவின்முறை, பள்ளிக்கூடம் என்று அவர்கள் மேலே வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலே வருவதற்குப் பனையிலிருந்து இறங்குவது ஒரு நிபந்தனையாக இருந்தது. எங்க வீட்டிலும் அப்படித்தான். பெரியப்பா பனையேறினார் என்பதைக் கல்யாணப் பேச்சில் யாரும் சொன்னதில்லை. "மூத்தவர் யாவாரம் பண்றார்" என்பார் அப்பா. எந்த யாவாரம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மதுவிலக்குக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தது 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-க்குள் மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் திறந்தார். பெரியப்பா பகிரங்கமாகக் கள்ளிறக்கியது அந்த ஐந்தாறு வருஷம்தான். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1-லிருந்து கள்ளும் சாராயமும் நின்றன, பாட்டில் மட்டும் தொடர்ந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசு கைக்கே போனது.

ஆக, பாட்டில் பீர் ருசியில் கள்ளை ஜெயித்ததே இல்லை. போட்டியாளரை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. பெரியப்பாவின் கோபம் இங்கேதான் இருக்கிறது, அது முழுக்க நியாயம். கேரளத்திலும் புதுச்சேரியிலும் சட்டப்படி விற்கிற பானம் இங்கே குற்றம். கலப்படம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். ஆந்திர, தெலங்கானா பக்கம் கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்தது பதிவான சங்கதிதான். ஆனால் கலப்படம் செய்தவனைப் பிடிப்பதற்குப் பதிலாக மரத்தையே பூட்டுவது என்ன கணக்கு? அதே பனையை 1978-லேயே மாநில மரம் என்று வேறு அறிவித்திருந்தார்கள்.

இந்த அநியாயம் சட்டம் செய்தது, பீர் செய்ததில்லை. என் மருமகன் பாட்டிலைப் பழிக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறான். அவன் பெங்களூரில் குடிக்கிற பீரைத் தயாரிப்பவர் படித்தவர், ஏப்ரன் போட்டவர். அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள். கைத்தொழில் என்றால் அவனுக்கு மதிப்பு. எங்க ஊரில் கைத்தொழில் என்றால் யார் கை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கேட்காத முதல் போதைப் பானம் இந்த ஃபேக்டரி பாட்டில்தான். மூடியைத் திறந்தால் போதும், எந்த மரம், எவர் இறக்கியது, எந்தத் தெரு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. எங்க அப்பா கடைசிக் காலத்தில் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே பீர் வைத்திருந்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். கள்ளுக் கலயத்தை அவர் வீட்டு வாசலில் வைக்க விட்டிருப்பாரா? அண்ணனையே வாசலில் வைத்துப் பேசி அனுப்பியவர் அவர்.

இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். ஆனால் பெரியப்பா முன்னால் எப்படிச் சொல்வது? ஹான்சனின் ஈஸ்ட் வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டேன்.

மருமகன் அப்புறம் அவரிடம், "தாத்தா, நீங்க எறக்குன கள்ளு தினமும் ஒரே ருசியாவா இருக்கும்?" என்று கேட்டான்.

"எப்படிய்யா இருக்கும்? மேகம் போட்டா ஒரு ருசி, வெயில் ஏறுனா ஒரு ருசி. நேத்துக் குடிச்சவன் இன்னைக்கி வந்து சண்ட போடுவான்." கொஞ்ச நேரம் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்பவுமே ஒண்ணுபோல இருக்குமோ?"

"ஆமா தாத்தா. எங்க வாங்குனாலும்."

"அது செரமந்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார்.