ஒரே கடல், பல கண்கள்

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரருகே நின்றபோது என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது: மனிதன் எதைக்கொண்டு தன் இருப்பிடத்தைத் தேர்கிறான்?

காசி யாத்திரிகர்க்கு நீராடும் துறையாக விளங்கிய அம்மணல்முனை, 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வந்தபின், கொழும்பு செல்வோர்க்கு வாயிலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் ஊரை அழித்தது. வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. கப்பல்துறை இராமேசுவரத்திற்கு மாறவே, அலுவலர் மீளவில்லை. மீனவரோ மீண்டு ஓலைக்குடில் அமைத்தனர். அவர்கள் அஞ்சாதவர் அல்லர். உற்றாரைக் கொண்ட கடலே சோறும் தரும் என்று அறிந்தவர்.

தேவையும் உள்ளத்தின் சித்திரமும் மாறுமிடத்துத் தேர்வும் மாறுகிறது. எனவே, வரலாற்று மாந்தரின் செயலை அறியாமை என்று தீர்ப்புக் கூறுமுன், அவர் கண்ட கடலை நாமும் ஒருகணம் காண்போமாக!